சொல்லிட்டுப் போறது

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போனவர் திரும்பும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால், அடுத்த சாவுக்கும் வருகிறேன் என்று அர்த்தமாகிவிடுமாம். ஆகவே கதிரையை விட்டு எழும்பி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், கள்ளனைப் போல நழுவ வேண்டும். மற்ற எந்த வீட்டிலிருந்தும் சொல்லாமல் போகக்கூடாது. போனால், என்ன கோபமோ என்று ஒரு வருசத்துக்குக் கதை நடக்கும். இந்த இரண்டு சட்டமும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தான் சாகப்போவது என் மச்சானுக்குத் தெரியவந்தது இந்தச் சட்டத்தால்தான். டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மச்சான் என் மாமியின் மகன். பிறகு என் அக்காவைக் கட்டி இரட்டை மச்சானானார். எங்கள் ஊரில் மச்சானும் மச்சானும் ஒருவரை ஒருவர் நக்கலடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் ஏதோ காணித் தகராறு என்று நினைப்பார்கள். அந்தக் குறையை நாங்கள் வைக்கவில்லை. அவர் மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மச்சான் பிழைத்தது முழுக்க வாயால்தான். செங்கலடிச் சந்தியில் அவர் போடும் சத்தத்துக்குச் சந்தைக்குள் நிற்கிற கிழங்கு வியாபாரிகூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறுவான்.

வீடு அக்காவின் சீதன வீடு, வாவிக் கரையோரம். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து ஏறுகிறவர். "இது உன்ட அக்காட பஸ்ஸு. நான் இஞ்சயும் கண்டக்டர்தான்" என்பார். பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் அவர்கள் இரண்டு பேரும், ஆறு கோழியும், பக்கத்து வளவில் நானும்தான். நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சண்டை நடந்த அந்த வருசங்களில் கடைக்குச் சாமான் வந்த நாட்களைவிட வராத நாட்களே அதிகம் என்பதால், எனக்கு நேரத்துக்குக் குறைவிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்காவையும் என்னையும் வாட்டுக்கு வெளியே கூப்பிட்டார். சின்ன வயசு. சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் தன் பேனையைப் பார்த்துச் சொன்னார். ஈரலில் கட்டி, எல்லா இடமும் பரவிவிட்டது, வெட்டி எடுக்க ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், வலிக்கு மருந்து தருகிறேன், விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவருக்குச் சீனி வருத்தமும் இரிக்கி டாக்டர். தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா?"

"இனி எதுவும் கொடுக்கலாம்" என்றார் அவர்.

அக்கா குழாயடிக்குப் போய் அழுதாள். முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். "வயித்துப் புண் எண்டு சொல்லு. அதுக்கு மேல வாயத் திறந்தியெண்டா நீ எனக்குத் தம்பி இல்ல."

"அப்ப சீனி?"

"பைத்தியமாடா உனக்கு? இவ்வளவு வருசமா மறிச்ச நான் இப்ப எடுத்துக் குடுத்தா அவருக்கு விளங்காதா?"

அப்படித்தான், இனி எதுவும் தின்னலாம் என்று டாக்டர் அனுமதித்த மனிதர் சீனி போடாத தேத்தண்ணியோடு வீட்டுக்கு வந்து படுத்தார். சீனியை மறிக்கிற வரைக்கும் அவர் சாகமாட்டார் என்பது அக்காவின் கணக்கு. அதை நான் அப்போது மடத்தனம் என்று நினைத்தேன். இப்போதும் மடத்தனம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்த மடத்தனத்தை நானும் செய்திருப்பேன்.

சாகிற வருத்தக்காரரோடு இருப்பதற்கு எங்கள் ஊரில் தனிப் பெயர் கிடையாது. 'பாக்கிறது' என்பார்கள். அதில் பார்ப்பதுதான் ஆகச் சின்ன வேலை. கட்டிலை வாவி தெரிகிற யன்னலோடு போட்டோம். புண் வராமல் இருக்க அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். அக்கா தோளைப் பிடிப்பாள், நான் இடுப்பைப் பிடிப்பேன். "ரைட், போகலாம்" என்று அவரே குரல் கொடுப்பார். சாறனை மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். முதல் தடவை அவரைக் கழுவத் துவாயோடு நான் போனபோது, "மச்சான், இதுக்கெல்லாம் ரிக்கற் இல்ல, இலவசமாப் பாத்துக்கொள்" என்றார். நான் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய்த் துவாயை அலசிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அவருடைய கால் என் கையளவுக்கு வந்திருந்தது.

பார்க்க வருகிற சனத்துக்குக் குறைவில்லை. அந்த வருசங்களில் எங்கள் ஊரில் ஒருவர் வருத்தம் வந்து, கட்டிலில் படுத்து, மருந்து குடித்துச் சாகப்போகிறார் என்பது புதினம். றோட்டிலும் வயல் வட்டைக்குள்ளும் ஆற்றிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் செத்தார்களா இல்லையா என்றே தெரியாது. ஆகவே வந்தவர்களின் முகத்தில் கவலையோடு கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஒரு மனிசி என் காதுக்குள் வந்து, "குடுத்து வச்ச சீவன் தம்பி, உடம்போட கிடந்து போகப்போகுது" என்றாள். அவளுடைய மகன் சைக்கிளில் போய்த் திரும்பி வராதவன்.

எல்லாருக்கும் அக்கா வாசல் கடப்படியிலேயே சட்டம் சொல்லித்தான் உள்ளே விட்டாள். வயித்துப் புண். அழப்படாது. கான்சர் என்ற சொல் வாயில் வரப்படாது. எல்லாரும் தலையாட்டிவிட்டு, தோடம்பழமும் பிஸ்கட் பக்கற்றுமாய் உள்ளே போய், சுகமாயிரும் சுகமாயிரும் என்று நன்றாகத்தான் நடித்தார்கள். பிழை வந்தது திரும்பும்போதுதான்.

முதல் பிழை விட்டவர் எங்களுக்கு ஒரு வகையில் பெரியப்பா. அந்த மாதம் அவர் போகாத செத்த வீடு கிடையாது. பாவம், அன்று காலையிலும் ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் வந்தார். மச்சானோடு பஸ் கதை, மழைக் கதை எல்லாம் கதைத்தார். தேத்தண்ணி குடித்தார். பிறகு பேணியை வைத்துவிட்டு எழும்பினார். சால்வையைத் தோளில் போட்டார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, விறுவிறு என்று கடப்படியைத் தாண்டிப் போயே போய்விட்டார். மனிதருக்குக் கால் பழகிவிட்டது.

அக்கா சுவரைப் பார்த்தாள், நான் கோழியைப் பார்த்தேன்.

"அந்த மனிசன் சொல்லாமப் போகுது" என்றார் மச்சான்.

"அவருக்கு அவசரம்" என்றாள் அக்கா.

அடுத்த நாள் வந்த இரண்டு பேரில் ஒருவரும் அதே மாதிரி எழும்பிப் போனார். பிறகு இன்னொருவர். ஊர் முழுக்கச் செத்த வீட்டுப் பழக்கத்தில் இருந்தது. உயிரோடு இருக்கிறவர் வீட்டிலிருந்து எப்படிப் போவது என்பது சனத்துக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மச்சான் ஒரு கிழமை பொறுத்தார். அதன் பிறகு அவருக்குள் இருந்த கண்டக்டர் எழும்பினார். யாராவது வாய் திறக்காமல் வாசலைத் தாண்டினால் கட்டிலில் கிடந்தபடியே கத்துவார்: "ஓய்! ரிக்கற் எடுக்காம இறங்குறியா? கிறுகி வா இஞ்ச!" வந்தவர் பதறிப்போய்த் திரும்பி வந்து, "போயிட்டு வாறன் தம்பி" என்று சொல்ல வேண்டும். "ஆ, ரைட்" என்பார். கதை பரவி, பிறகு வந்தவர்கள் ஆளுக்கு மூன்று தரம் சொன்னார்கள். ஒருவர் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்.

வலி கூடியதும் டாக்டர் ஒரு போத்தலில் தண்ணி மருந்து தந்தார். அளவு தப்பக்கூடாது, தேக்கரண்டிக்கு மேல் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். போத்தல் முடிகிற நேரம் நான் மட்டக்களப்புக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவேன். மூன்றாவது தரம் போன அன்று திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று என் முறை வந்ததும், ஒரு பொடியன் ஆமிக்காரன் போத்தலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். டாக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டினேன். பார்த்தான், திருப்பித் தந்தான். போத்தலைத் தரவில்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். பிறகு என் வாயருகே நீட்டி, "குடி" என்றான். அவன் பேசின தமிழில் அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமாக வந்தது.

குடிக்காவிட்டால் அது வேறு ஏதோ என்றாகிவிடும். ஒரு மிடறு குடித்தேன். பயத்தில் மிடறு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. நான் விழாமல் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போத்தலைத் தந்தான்.

பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தது தெரியும். வாவி மிகவும் வடிவாக இருந்தது. சண்டை, சங்கக்கடை, மச்சான், எதற்கும் நான் பொறுப்பில்லை என்று தோன்றியது. கண் விழித்தபோது கருவாட்டு மணம். பஸ் வாழைச்சேனையில் நின்றது. நான் இறங்க வேண்டிய செங்கலடி எப்போதோ போய்விட்டது. போத்தலைக் கட்டிப்பிடித்தபடி நான் தூங்கியிருக்கிறேன். மச்சானிடம் தொழில் பழகின கண்டக்டர் பொடியன்தான் அன்று பஸ்ஸில் நின்றவன். என்னை எழுப்ப மூன்று தரம் கத்தினானாம். "குடிவெறியெண்டு நினைச்சன் அண்ணன்" என்றான். அதே பஸ்ஸில் என்னைத் திருப்பி ஏற்றி, செங்கலடியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தார். "என்ட மருந்தக் குடிச்சிப்போட்டு ஊர் சுத்தப் போயிருக்கான்! எப்பிடி மச்சான் இரிந்திச்சி?"

"நல்லாத்தான் மச்சான். ஒரு கவலையும் தெரியா."

சிரிப்பு நின்றது. அக்கா குசினிக்குள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வயித்துப் புண்ணுக்கு இப்பிடி மருந்து குடுக்கிறாங்களா?"

நான் யன்னலைப் பார்த்தேன்.

"பெரியப்பா சொல்லாமப் போன அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார். "சரி, போகட்டும். உன்ட அக்காட்ட எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாத. அவள் தாங்கமாட்டாள்."

அவருக்குச் சொல்லாதே என்று அவள். அவளுக்குச் சொல்லாதே என்று அவர். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு செக் பொயின்ற் ஆனேன். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேருக்கும் இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதையும் ஒருவருக்கொருவர் வயித்துப் புண் கதை சொல்லியே முடிக்கப்போகிறார்கள். இவ்வளவு காலம் ஒன்றாகப் படுத்தெழும்பிவிட்டு, ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பிரிவதற்கு இரண்டு பேருக்கும் வாயில்லை. ஊரையெல்லாம் கிறுகி வரச் சொல்கிற மனிதர், சொந்தப் பெண்சாதியிடம் சொல்லாமல் போகப்போகிறார்.

அடுத்த முறை மருந்தெடுக்க அக்கா தானே போவதாகச் சொன்னாள். என்னை அனுப்பினால் பாதியை நான் குடித்துவிடுவேனாம். சேலை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று விடிய மச்சானுக்கு வலி மோசம். முகம் மஞ்சளாகி, கண் உள்ளுக்குப் போயிருந்தது. அக்கா கட்டிலடியில் நின்று அவரைப் பார்த்தாள். தான் திரும்பி வருகிறபோது ஆள் இருக்குமா என்று யோசித்திருப்பாள் போலும். சட்டென்று திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாசலைத் தாண்டினாள்.

"ஓய்!" என்றார் மச்சான். குரல் பழைய குரலில் கால்வாசிகூட இல்லை. "செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரிப் போறாய்? சொல்லிட்டுப் போ!"

அக்கா முற்றத்தில் நின்றாள். திரும்பினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"நீங்க மட்டும் சொல்லிட்டா போகப்போறீங்க?"

கோழிகள்கூட நின்றுவிட்டன. மச்சான் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சொல்லிட்டுத்தான் போவன்" என்றார்.

அக்கா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். நான் குசினிக்குள் போய் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில், "போயிட்டு வாறன் என்ன" என்ற அக்காவின் குரல் கேட்டது. "ஓம், பாத்துப் போ. பஸ்ஸில யன்னல் கோணருக்க இருந்திராத, வெயில் அடிக்கும்" என்றார் கண்டக்டர்.

பின்னேரம் மருந்தோடு வந்தாள். அவளைக் குடிக்கச் சொல்லவில்லையாம். முகம் கழுவிவிட்டு நேராகக் குசினிக்குப் போனாள். தேத்தண்ணி கொண்டுவந்து, அவர் தலையை ஒரு கையால் தூக்கி, பேணியை வாயில் வைத்தாள். ஒரு மிடறு இறங்கியதும் அவர் கண் பெரிதாகிவிட்டது.

"சீனி போட்டிரிக்கிறாய்."

"ஓம்" என்றாள் அக்கா.

அதோடு எல்லாம் கதைத்து முடிந்துவிட்டது.

அதன் பிறகு கிடைத்த நாட்கள் அந்த வீட்டில் நான் கண்ட நல்ல நாட்கள். இப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் அதுதான் உண்மை. தன் செத்த வீட்டை அவரே நடத்திப் பார்த்தார். யார் யார் பொய்யாக ஒப்பாரி வைப்பார்கள் என்று அக்கா செய்து காட்டினாள், அவர் பிழை திருத்தினார். "மச்சான் பாடையில எந்தப் பக்கம் பிடிப்பான்? அவன் பிடிச்சா வாழைச்சேனையிலதான் கொண்டு இறக்குவான்" என்றார். தனக்குப் பிறகு கூரையில் எந்த ஓடு ஒழுகும், எந்தக் கோழி முட்டையைக் குடிக்கும் என்றெல்லாம் அவளுக்குச் சொன்னார். நீ தனிய இருக்கப்போறாய், எனக்கு அதுதான் பயம் என்றும் ஒரு நாள் சொன்னார். அக்கா அவர் காலைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கும் பயம்தான்" என்றாள். ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் சீனி விழுந்தது. சங்கக்கடைக்கு வந்த கொஞ்சச் சீனியில் முதல் உரிமை யாருக்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை.

கடைசியில் பேச்சு குறைந்து, மிடறும் குறைந்தது. ஒரு காலை அக்கா கரண்டியால் தேத்தண்ணி பருக்கிக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன். வாவிக்கு மேலே ஹெலி ஒன்று தாழ வந்து, ஓடெல்லாம் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் அவர் வாய் அசைந்தது. என் காது அவர் வாயோடு இருந்ததால் எனக்குக் கேட்டது. "சீனி காணா" என்றார். இனிப்புப் போதவில்லையாம். அக்கா எழும்பிக் குசினிக்குள் போனாள். ஹெலி தூரமாகப் போனபோது, என் கைக்குள் அவர் பாரம் மாறியது. அக்கா திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

செத்த வீடு அவர் சொன்னபடியே நடந்தது. எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் சட்டப்படி சொல்லாமல் போனார்கள். பெரியப்பா மட்டும் எழும்பி, பழக்கதோசத்தில், பாயில் கிடந்தவரைப் பார்த்து, "போயிட்டு வாறன் தம்பி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என்னை அரித்துக்கொண்டிருந்தது வேறு. சொல்லிட்டுத்தான் போவன் என்றவர், கட்டின பெண்சாதிக்குக் கடைசியாக விட்டுப்போனது சீனிக் குறையைத்தான். ஹெலி இரைச்சலில் அவளுக்கு அது கேட்டிருக்காது என்று நம்பினேன். அவள் கேட்டால் என்ன சொல்வது என்று எண்ணெய் போட்டுத் துடைத்து ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சனம் போன பிறகு கேட்டாள். குசினியில் நின்று அவருடைய பேணியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவர் கடைசியா என்னடா சொன்னவர்?"

"'போயிட்டு வாறன்' எண்டவர் அக்கா. உன்னப் பாத்துத்தான் சொன்னவர்."

அக்கா பேணியைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வயித்துப் புண்ணுக்குப் பிறகு இந்த வீட்டில பொய் வேணாம்" என்றாள். "'சீனி காணா' எண்டவர். எனக்குக் கேட்டது. நான் சீனிப் போத்தல எடுக்கத்தானேடா உள்ளுக்குப் போனன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிய முதலே அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் அப்படியே நின்றாள்.

"எனக்கிட்டக் கேட்டுட்டுத்தான் போயிருக்கு, அந்த மனிசன்" என்றாள். "சொல்லாமப் போகல்ல."